கடைசிச் சீட்டு விழுந்த பிறகு: பங்கு போடும் ஸ்டட் போக்கரில் எந்தப் பாதி உங்களுடையது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்பிடித் தடைக்காலம். பகலெல்லாம் வலையைச் சரிபார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று போய்விடும். வெயில் தாழ்ந்ததும் பாம்பன் தெற்குவாடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சீட்டுக்கட்டு இறங்கும். பல வருஷம் கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய மாமாதான் எங்களுக்கு ஏழு சீட்டு ஸ்டட் போக்கரைச் சொல்லிக்கொடுத்தவர். அதிலும் அவருக்குப் பிடித்தது, நடுவில் சேர்ந்ததை இரண்டாகப் பங்கு போடும் ஆட்டம்.

ஒவ்வொரு தடைக்காலத்திலும் புதிதாக இரண்டு மூன்று பேர் வந்து உட்காருகிறார்கள். ரம்மி தெரியும், மூணு சீட்டு தெரியும். ஆறாவது சீட்டு வரைக்கும் நன்றாகவே ஆடுகிறார்கள். ஏழாவது சீட்டு கையில் விழுந்ததும் தடுமாறுகிறார்கள். வெல்ல வேண்டிய ஆட்டத்தில் மடக்கி விலகிவிடுகிறார்கள், மடக்க வேண்டிய இடத்தில் நான்கு முறை கட்டுகிறார்கள். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் தடுமாறினேன். அந்தக் கடைசிச் சுற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆடுவது புளியங்கொட்டை வைத்து. காசு வைத்துச் சீட்டாடினால் 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இருக்கிறது, போலீஸ் வரும். கைபேசியில் காசு கட்டி ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லுவேன். கடலுக்குப் போகாத இரண்டு மாதத்தில் வீட்டில் இருக்கும் காசு, அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் உரியது. ஆட்டத்தின் ருசி கணக்கில் இருக்கிறது. அதற்குக் கொட்டை போதும்.

ஆட்ட விதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூடிய சீட்டு, ஒரு திறந்த சீட்டு வரும். அப்புறம் ஒவ்வொன்றாக மூன்று திறந்த சீட்டு. கடைசியில் ஏழாவது, மூடியே வரும். ஆக, மடக்காமல் நிற்கிற ஒவ்வொருவர் முன்னாலும் நான்கு திறந்த சீட்டு, மூன்று மூடிய சீட்டு. ஏழில் சிறந்த ஐந்தை வைத்து மேல் கை பார்ப்போம், வழக்கமான போக்கர் வரிசைப்படி. கீழ்க் கைக்கு 8 அல்லது அதற்குக் குறைந்த ஐந்து வெவ்வேறு எண் வேண்டும். ஏஸ் இங்கே 1. ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையாக வரும் ஐந்து எண்) ஃப்ளஷும் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) கீழ்க் கையைக் கெடுக்காது. மேலுக்கு ஓர் ஐந்து, கீழுக்கு வேறோர் ஐந்து என்று எடுத்துக்கொள்ளலாம், ஒரே ஐந்தையே இரண்டுக்கும் வைக்கலாம். நடுவில் சேர்ந்ததில் பாதி மேலுக்கு, பாதி கீழுக்கு. யாருக்குமே கீழ்க் கை அமையவில்லை என்றால் மேல் கை முழுவதையும் அள்ளும். லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கரில் இந்த ஆட்டத்துக்கென்றே தனிப் போட்டி உண்டு.

பந்தயம் கட்டுப்பட்டது. எங்கள் திண்ணையில் முதல் இரண்டு சுற்றில் 5 கொட்டை, கடைசி மூன்று சுற்றில் 10 கொட்டை. ஒரு சுற்றில் ஒரு பந்தயம், அதன்மேல் மூன்று ஏற்று. அதாவது ஒருவர் ஒரு சுற்றில் அதிகபட்சம் 40 கொட்டை வைக்க வேண்டிவரும்.

வார்த்தை பற்றி ஒரு குறிப்பு. எதிராளி வைத்ததற்குச் சமமாக வைப்பதை வெளியூரில் ‘கால்’ என்கிறார்கள். பங்கு போடும் ஆட்டத்தில் கால் பங்கு என்ற பேச்சு அடிக்கடி வரும் என்பதால் எங்களுக்கு அது குழப்பம். அதனால் சமமாக வைப்பதைக் ‘கட்டுவது’ என்போம், கூட்டி வைப்பதை ‘ஏற்றுவது’ என்போம், விட்டுவிடுவது ‘மடக்குவது’, எதுவும் வைக்காமல் அடுத்தவருக்குத் தள்ளுவது ‘செக்’. கீழேயும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வியை மாற்றுங்கள்

மூணு சீட்டிலிருந்து வருகிறவர்கள் கடைசிச் சீட்டைப் பார்த்ததும், “என் கை நல்ல கையா?” என்று யோசிப்பார்கள். மாமா ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார்: “மாப்ளே, கை நல்லாருக்கா இல்லையான்னு விடு. நடுவுல கெடக்குறதுல எந்தப் பாதி உன்னுது, அதுக்கு யார் காசு கட்டுறா, அதச் சொல்லு.”

எங்கள் தொழிலில் இது புதிதில்லை. படகு கரைக்கு வந்து மீன் விற்றால், டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு வைப்பார்கள். கையில் வந்த தொகையைப் பார்த்து யாரும் மகிழ்ந்துவிடுவதில்லை, செலவு போக என்ன என்று பார்ப்பார்கள். சீட்டிலும் பாதி கிடைக்கிறது என்றால் அந்தப் பாதிக்குள் நீங்கள் வைத்த கொட்டையும் இருக்கிறது. இதை மறந்தவர்கள்தான், “பங்கு வாங்கிக்கொண்டே இருக்கிறேன், ஆனால் கொட்டை குறைந்துகொண்டே போகிறது” என்று ராத்திரி எழுந்து போகிறார்கள்.

முதல் வேலை: எதிராளியால் கீழ்க் கை செய்ய முடியுமா?

ஏழாவது சீட்டை எடுத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே இதை முடித்துவிடுங்கள். எதிரே இருக்கிற நான்கு திறந்த சீட்டைப் பாருங்கள். மூடியது மூன்றுதான். ஐந்து வேண்டுமென்றால் குறைந்தது இரண்டாவது வெளியே தெரிய வேண்டும். எனவே திறந்த நான்கில் 8-க்குள் இரண்டு வெவ்வேறு எண் இல்லையென்றால் அவரால் கீழ்க் கை செய்யவே முடியாது. ராஜா, 9, 4, ராணி என்று விரித்திருப்பவருக்கு முடியாது. ராஜா, 6, 6, 10 என்றாலும் முடியாது, ஏனென்றால் இரண்டு 6-ம் ஒரே எண். 2, 7, ஜாக்கி, ஜாக்கி என்றால் முடியும், ஆனால் மூடிய மூன்றும் பொருந்தி வந்திருக்க வேண்டும்.

ஃப்ளஷுக்கும் இதே கணக்கு. ஒரே இனத்தில் இரண்டு சீட்டாவது வெளியே இல்லாதவரிடம் ஃப்ளஷ் இருக்காது. ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னோர் எண்ணில் இரண்டு) மட்டும் அப்படிச் சொல்ல முடியாதது. நான்கும் வேறு வேறு எண்ணாகத் தெரிந்தாலும், மூடிய மூன்றும் ஜோடி சேர்ந்து ஃபுல் ஹவுஸ் ஆகிவிடலாம். அபூர்வம், ஆனால் நடக்கும்.

திறந்த சீட்டு வந்த வரிசையையும் கவனியுங்கள். முதலில் 3 திறந்து வந்து ஆட்டத்தில் நின்றவர், கீழ்க் கைக்காக நின்றிருக்க வாய்ப்பு அதிகம். முதலில் ராணி வந்து, கடைசியில் 3-ம் 5-ம் வந்தவரிடம் கீழ்க் கை அமைந்திருப்பது குறைவு. எங்கள் ஊரில் கச்சான் காற்று சீட்டைப் புரட்டிப் போட்டுவிடும் என்பதால் ஒவ்வொருவர் சீட்டின் மேலும் ஒரு சிப்பி வைத்திருப்போம். வரிசை கலையக் கூடாது என்பதற்காகத்தான் அது.

உங்கள் கையை இரண்டு தடவை படியுங்கள்

ஒரு தடவை மேலுக்கு, ஒரு தடவை கீழுக்கு. கீழ்க் கையைப் படிக்க எளிய வழி, பெரிய எண்ணிலிருந்து ஆரம்பித்து ஐந்து இலக்க எண்ணாகச் சொல்வது. 7-6-5-4-3 என்றால் எழுபத்தாறாயிரத்து ஐந்நூற்று நாற்பத்து மூன்று. 8-4-3-2-ஏஸ் என்றால் எண்பத்து நாலாயிரத்து முந்நூற்று இருபத்தொன்று. எந்த எண் சின்னதோ அது வெல்லும். 4-3-2-ஏஸ் என்று பின்னால் எவ்வளவு அழகாக இருந்தாலும் முன்னால் 8 நின்றால் 76,543-இடம் தோற்கும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், சின்னச் சீட்டு நிறைய இருந்தாலே கீழ் தங்களுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் சிறந்தது 54,321.

அந்த 76,543 மேலுக்கும் ஒரு ஸ்ட்ரெய்ட் என்பதைக் கவனித்தீர்களா? 54,321-ம் அப்படியே. இரண்டு பங்கையும் ஒரே ஆள் அள்ளுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

எதிரே ஒருவர் மட்டும் என்றால்

இங்கே கேட்க வேண்டியது ஒன்றே: ஒரு பாதி எனக்கு உறுதியா?

உங்களிடம் கீழ்க் கை அமைந்துவிட்டது. எதிரே ராஜா ஜோடி, அவரால் கீழ்க் கை செய்ய முடியாது. அப்படியென்றால் கீழ்ப் பங்கு உங்களுடையது, யாராலும் பறிக்க முடியாது. நீங்கள் 10 வைத்து அவரும் 10 வைத்தால் 20-இல் பாதி உங்களுக்கே திரும்புகிறது. நஷ்டம் பூஜ்யம். அவர் ஏற்றினாலும் பூஜ்யம். ஆனால் உங்களுக்கு மேலிலும் தற்செயலாக ஏதாவது சேர்ந்திருந்தால் முழுவதும் உங்களுக்கு. அவர் பயந்து மடக்கினாலும் முழுவதும் உங்களுக்கு. இழக்க ஒன்றுமில்லை, கிடைக்கத்தான் இருக்கிறது. அதனால் கட்டாயம் வையுங்கள், ஏற்றுங்கள், அனுமதிக்கும் வரை ஏற்றுங்கள். “எப்படியும் பாதிப் பாதிதானே” என்று செக் சொல்லிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, நல்ல மீன்பாடு உள்ள இடத்தை வலை போடாமல் கடந்து போவது மாதிரி இருக்கும்.

இப்போது அந்த ராஜா ஜோடிக்காரர் இடத்தில் நீங்கள். உங்களால் கீழ்க் கை முடியாது, எதிரே 2, 5, 7, ராணி. உங்கள் மூடிய சீட்டில் இன்னொரு ஜோடியும் இருக்கிறது. திறந்த ஜோடி உங்களுடையது என்பதால் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். 10 வைத்தால் என்ன நடக்கும்? அவருக்குக் கீழ்க் கை அமைந்திருந்தால் கட்டுவார், வைத்தது வைத்தவருக்கே திரும்பும். கீழோடு ஸ்ட்ரெய்ட்டும் சேர்ந்திருந்தால் ஏற்றுவார், உங்களுக்கு 20 போகும். எதுவுமே அமையவில்லை என்றால் மடக்குவார், உங்களுக்கு ஏற்கெனவே வரவேண்டியதுதான் வரும். ஆக, நீங்கள் வைக்கிற 10 சம்பாதிப்பது அபூர்வம், இழப்பதற்கு வழி இருக்கிறது. செக் சொல்லுங்கள், அவர் வைத்தால் கட்டுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. எதிரே இருப்பவர் ஆர்வத்தில் எதையும் கட்டுகிறவராக இருந்தால், கீழ் தவறிப்போய் ஒரு சின்ன ஜோடியோடு, “பார்த்துவிடலாம்” என்று கட்டுவார். அவரிடம் வைக்கலாம். திண்ணை ஆட்டத்தில் இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம், ஆகவே நானே பல தடவை வைத்திருக்கிறேன். ஆளைப் பார்த்து முடிவெடுங்கள்.

பொய்ப் பந்தயம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழ் தவறிய நீங்கள், எதிரே ராஜா ஜோடியைப் பார்த்துப் பொய்யாக 10 வைத்தால் அந்த ராஜா ஜோடி மடக்காது. உங்களிடம் உண்மையிலேயே கீழ் இருந்தால்கூட அவருக்குப் பாதி வரும், அவர் ஏன் மடக்க வேண்டும்? பொய் பலிப்பது, இரண்டு பேருமே கீழுக்கு ஆடி இரண்டு பேருக்குமே தவறியிருக்கும்போது. அப்போது முழுவதும் மேலுக்குப் போகிறது. அவரிடம் வெறும் ராணிதான் பெரிய சீட்டு என்றால் உங்கள் திறந்த 2, 4, 6-ஐப் பார்த்து மடக்கிவிட வாய்ப்பிருக்கிறது.

மூன்று பேர் நிற்கும்போது

கொட்டை கை மாறுவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு பேர் மேலுக்கு ஆடுகிறார்கள், நீங்கள் ஒருவர் மட்டும் கீழுக்கு, உங்கள் கீழ் உறுதி. மூன்று பேரும் ஆளுக்கு 10 வைத்தால் 30 சேரும். பாதி 15 உங்களுக்கு. வைத்தது 10, லாபம் 5. மூன்று ஏற்றும் நடந்தால் ஆளுக்கு 40, மொத்தம் 120, உங்களுக்கு 60. லாபம் 20. இந்த லாபம் ஏற்கெனவே நடுவில் கிடப்பதற்கு மேலே வருவது. இரண்டு பேரில் பூஜ்யமாக இருந்தது மூன்று பேரில் லாபமாக மாறிவிட்டது, ஏனென்றால் மேலில் தோற்கப்போகிற மூன்றாவது ஆள்தான் உங்களுக்கும் கட்டுகிறார், மேலில் வெல்பவருக்கும் கட்டுகிறார். உறுதியான பாதி கையில் இருந்தால் ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரே கவனம்: உங்களுக்குப் பின்னால் பேச வேண்டியவர் முதல் ஏற்றிலேயே மடக்கிவிடுகிற ஆள் என்றால், முதலில் வெறுமனே கட்டி அவரை உள்ளே வரவிடுவது நல்லது.

இனி அந்த மூன்றாவது ஆளின் இடத்துக்கு வாருங்கள். நடுவில் 120 கிடக்கிறது. ஒரே ஒரு பந்தயத்தோடு சுற்று முடிந்தால் மொத்தம் 150, பாதி 75. நீங்கள் வைப்பது 10. ஏழரைத் தடவையில் ஒரு தடவை வென்றாலே கட்டுவது சரி. ஆனால் இரு பக்கமும் மாறி மாறி ஏற்றி 40 வைக்க வேண்டிவந்தால் மொத்தம் 240, பாதி 120. 40 வைத்து 120 வாங்குகிறீர்கள், ஆக மூன்றில் ஒரு தடவை வென்றால்தான் முதல் திரும்பும். ஒரே கை, ஒரே பாதி. விலை மட்டும் இவ்வளவு மாறுகிறது. அதனால் மூன்று பேர் ஆட்டத்தில் முதல் 10-ஐக் கட்டும்போதே, “இது 10-இல் நிற்குமா, 40 வரை போகுமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போன தடைக்காலத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மச்சான் திறந்திருந்தது ராஜா, 9, ராஜா, 4. மாமா 2, 7, 4, ராணி. நான் 5, 8, ஜாக்கி, 6. என் மூடிய சீட்டு ஏஸ், 3, கடைசியாக வந்தது இன்னொரு ஜாக்கி. என் கீழ் 86,531. நடுவில் 120. ராஜா ஜோடி என்பதால் மச்சான் முதலில் 10 வைத்தார். மாமா 20 ஆக ஏற்றினார். நான் என் கையை மட்டும் பார்த்தேன். ‘8 கீழ் அமைந்துவிட்டது, 20 தானே’ என்று கட்டினேன். மச்சான் 30 ஆக்கினார், மாமா 40 ஆக்கினார். ‘இவ்வளவு வைத்தாயிற்று, இன்னும் 20 தானே’ என்று அதையும் கட்டினேன். மாமா திருப்பினார்: ஏஸும் 3-ம். 74,321. மச்சானிடம் ராஜா ஃபுல் ஹவுஸ். 240-ஐ இருவரும் ஆளுக்கு 120 எடுத்துக்கொண்டார்கள். 40 வைத்த எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மச்சானால் கீழ் முடியாது, வெளியே 4 ஒன்றுதான். அதனால் கீழ்ப் பங்குக்கு நானும் மாமாவும் மட்டுமே. மாமாவிடம் வெளியே 7, 4, 2. மூடியதில் ஏஸ், 3, 5, 6 இவற்றில் ஏதாவது இரண்டு வேறு எண் இருந்தால் என் 8 தோற்கும். அவர் கீழில் 8 சேர்ந்திருந்தால் மட்டும் அது 87 ஆயிரத்துச் சொச்சம், அப்போது என் 86 ஆயிரம் வெல்லும். என் திறந்த சீட்டில் 5, 6, 8 தெரிகிறது, எனக்கும் கீழ் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். அது தெரிந்தும் ராஜா ஜோடியின் மேல் ஏற்றுகிறார் என்றால் அவர் 87 வைத்துக்கொண்டு ஏற்றவில்லை. என் ஜாக்கி ஜோடி மேலுக்கு உதவாது. 40 வரை போகும் என்பதும் தெளிவு. மூன்றில் ஒரு தடவை வெல்வேனா? இல்லை. மாமா ஏற்றிய உடனேயே மடக்கியிருக்க வேண்டும்.

அதே கையோடு, மாமா ஏற்றாமல் வெறுமனே கட்டி, மச்சானின் 10 மட்டும் என் முன்னால் வந்திருந்தால் தயங்காமல் கட்டியிருப்பேன். கை அதேதான். விலை வேறு.

கால் பங்கு

கீழ்க் கை இரண்டு பேருக்குச் சமமாக வந்தால் அந்தப் பாதி மறுபடி பாதியாகிறது. மூன்று பேர் ஆளுக்கு 10 வைத்த 30-இல் உங்களுக்கு ஏழரை. வைத்ததற்கு இரண்டரை நஷ்டம். இரண்டே பேர் நின்று, கீழ் சமமாகி, மேல் பங்கும் அவருக்கே போனால் 20-இல் உங்களுக்கு 5 தான். ஆக, சமமாகும் என்று தோன்றினால் ஏற்றாதீர்கள். ஆனால் மடக்கியும் விடாதீர்கள். நடுவில் ஏற்கெனவே 120 கிடந்தால் ஆளுக்கு 10 சேர்ந்து 150 ஆகும், அதில் கால் 37 சொச்சம், உங்கள் செலவு 10. கட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். பங்கு போட்ட பின் ஒற்றைக் கொட்டை மிஞ்சினால் அது மேல் கைக்குப் போகும், பெரிய இடங்களிலும் அதுதான் வழக்கம்.

கட்டலாமா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு

ஒருவருக்கு ஒருவர் ஆட்டம். நடுவில் 80, அவர் 10 வைக்கிறார், நீங்களும் வைத்தால் 100. பாதிதான் கிடைக்கும் என்றால் 50. 10 செலவழித்து 50 வாங்குகிறீர்கள், ஐந்தில் ஒரு தடவை அந்தப் பாதியை வென்றால் போதும். இரண்டு பாதியும் கிடைக்க வாய்ப்புள்ள கை என்றால் பத்தில் ஒரு தடவை போதும். முறை ஒன்றேதான்: நீங்கள் வைப்பதையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, அதில் உங்கள் பங்கு எவ்வளவு, வைப்பது அதில் எத்தனையில் ஒன்று. ஆறு சீட்டுத் தாண்டி வந்து நடுவில் நிறையச் சேர்ந்திருக்கும்போது, ஒற்றை 10-க்காக மடக்குவது பெரும்பாலும் தவறு. கையில் இருக்கும் ஜோடி வெல்லுமா என்ற சந்தேகத்தில் மடக்கிவிட்டு, எதிராளி வெறும் ஏஸைத் திருப்பிக் காட்டும்போது வரும் வருத்தம் பெரிது.

போன சீட்டை நினைவில் வையுங்கள்

கடைசிச் சுற்று முடிவு சரியாக வர, முதல் சுற்றிலிருந்தே கண் திறந்திருக்க வேண்டும். மடக்கியவர்களின் திறந்த சீட்டுகளைக் கவிழ்த்துவிடுவார்கள், அப்புறம் பார்க்க முடியாது.

ஆறு சீட்டு வந்த நிலையில் உங்களிடம் ஏஸ், 3, 5, 7, மற்ற இரண்டும் உதவாதவை என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது 2, 4, 6, 8. கட்டில் அவை மொத்தம் 16. உங்கள் ஆறும் மற்றவர்கள் திறந்த 12-ம் சேர்த்து 18 பார்த்தாயிற்று, பாக்கி 34. பார்த்த 12-இல் உங்களுக்கு வேண்டியது இரண்டுதான் போயிருந்தால் இன்னும் 14 இருக்கிறது, 34-இல் 14 என்பது நூற்றுக்கு 41. எட்டுப் போயிருந்தால் 34-இல் 8, நூற்றுக்கு 23 சொச்சம்தான். எதிராளி கீழுக்கு ஆடும்போதும் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அவருக்கு வேண்டிய சின்னச் சீட்டுகள் பாதி ஏற்கெனவே போய்விட்டன என்றால் அவர் வைக்கிற 10-ஐக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

52 சீட்டையும் நினைவில் வைக்க வேண்டாம், என்னாலும் முடியாது. 8-க்குள் இருக்கும் சீட்டில் என்னென்ன போயின, உங்களுக்கு வேண்டிய எண் எத்தனை போயின, இவ்வளவு போதும். நான் மடக்கியவர்களின் சின்னச் சீட்டை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வேன்: ரெண்டு, ரெண்டு, அஞ்சு, ஆறு. ஒரு வாரத்தில் பழகிவிடும். பழக இன்னொரு வழி, தனியாக உட்கார்ந்து நான்கு பேருக்கு ஏழேழு சீட்டு போட்டு, மூடியதைப் பார்க்காமல், திறந்த நான்கை மட்டும் வைத்து, “இவருக்குக் கீழ் முடியுமா? ஃப்ளஷ் முடியுமா?” என்று சொல்லிவிட்டுப் பிறகு திருப்பிப் பார்ப்பது. ஒரு மணி நேரத்தில் முப்பது கை பார்த்துவிடலாம், ஆட்டத்தில் அது இரண்டு ராத்திரி வேலை.

காட்டும்போது

கடைசியாக ஏற்றியவர் முதலில் காட்ட வேண்டும். நீங்கள் காட்டும்போது ஏழு சீட்டையும் திருப்பி வையுங்கள், ஐந்தை மட்டும் அல்ல. வாயால் என்ன சொன்னீர்கள் என்பது கணக்கில்லை, தரையில் கிடக்கும் சீட்டுதான் பேசும். வேறு சில வீட்டு ஆட்டங்களில், காட்டுவதற்கு முன்பே மேலா கீழா என்று அறிவிக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேலே எழுதிய பாதி யோசனை அங்கே மாறிவிடும்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர், புதிதாக ஆட வந்தவர், ஒருநாள், “எனக்கு 7 கீழ்ண்ணே” என்று சந்தோஷமாகச் சொல்லிப் பாதியை வாங்கிக்கொண்டு, சீட்டுகளை அள்ளிக் கட்டோடு சேர்த்துவிட்டார். மேல் பங்கை இரட்டை ஜோடிக்காரர் எடுத்துப் போனார். அப்புறம் பேச்சுவாக்கில் தம்பி தன் ஐந்து சீட்டையும் சொன்னார்: ஏழு, ஆறு, அஞ்சு, நாலு, மூணு. ஸ்ட்ரெய்ட். அது இரட்டை ஜோடியை வெல்லும், முழுவதும் அவருக்கு வரவேண்டியது. கட்டில் கலந்துவிட்ட சீட்டைத் திருப்பி எடுக்க முடியாது. அன்றிலிருந்து எங்கள் திண்ணையில் ஒரு விதி வைத்திருக்கிறோம். காட்டுகிற கையை, ஆட்டத்தில் இல்லாத ஒருவர் குனிந்து பார்த்து, மேலை ஒரு தடவையும் கீழை ஒரு தடவையும் சத்தமாகப் படிக்க வேண்டும். அவர் படித்து முடிக்கும் வரை ஒரு சீட்டின் மேலிருந்தும் சிப்பியை எடுக்கக் கூடாது.